ஏழரை எழுதாத பதிவேடு

ஜனவரி 20, திங்கள்

சாயப்பொடி சப்ளை செய்கிறவர்கள் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ராகு காலம், எமகண்டம். கீழே அவர்கள் விற்கிற நிறங்களின் பட்டியல். நடுவில் மிச்சம் இருப்பதுதான் எனக்கு. இருபது நாள் மேஜையில் சும்மா கிடந்தது. இன்று என்னவோ மனசு வந்தது.

முதல் பக்கத்தில் பெயர், ரத்த வகை, ராசி எல்லாம் கேட்கிறார்கள். பெயர் கோகிலவாணி. வேலை, சாயப்பட்டறையில் கெமிஸ்ட். ராசி கும்பம். அதாவது எனக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம். என் நாத்தனார் வாரம் தவறாமல் போன் போட்டு ஞாபகப்படுத்துகிறாள். சனீஸ்வரனே மறந்தாலும் அவள் விடமாட்டாள்.

கெமிஸ்ட் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். துணிக்கு நிறம் ஏற்றிவிட்டு வெளியே வருகிற தண்ணீர் காரமாக வரும். காஸ்டிக்கும் சோடா ஆஷும் போட்டுக் கொதித்த தண்ணீர் அல்லவா, தொட்டு விரலைத் தேய்த்தால் சோப்பு மாதிரி வழுக்கும். பி.எச். மீட்டரை வைத்தால் பதினொன்று, பன்னிரண்டு காட்டும். அதில் ஆசிட் விட்டு ஏழுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஏழுக்கு மேலே காரம், கீழே அமிலம், ஏழு நடுநிலை. ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவே எங்கே நின்றாலும் சட்டம் ஒன்றும் கேட்காது. இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

தொட்டியைப் பார்த்துக்கொள்வது ஆறுச்சாமி அண்ணன். நான் சொல்வேன், அவர் ஊற்றுவார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க மாலை போட்டிருக்கிறார். பச்சை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, ஒரு வேளைச் சாப்பாடு. போன மாதம் வரை பொழுது சாய்ந்தால் பிராந்திக் கடைப்பக்கம் போகிறவர்தான். மாலை கழுத்தில் ஏறியதும் அந்தத் தெருவே மறந்துவிட்டது அவருக்கு.

இன்று தண்ணீர் கொஞ்சம் புளிப்புப் பக்கம் போய் ஆறு காட்டியது. "ஏனுங்கண்ணா, ஏழு கேட்டா ஆறைக் கொண்டாந்து குடுக்கறீங்க?" என்றேன்.

"எம்பேர்லயே ஆறுதானுங்க அம்மிணி இருக்குது. ஏழுக்கு நான் எங்க போவேன்?" என்றார்.

இன்னொன்றையும் எழுதி வைக்கிறேன், பிற்காலத்தில் யாராவது படித்துச் சிரிக்கட்டும். எங்கள் பதிவேட்டில் பதினோரு வருஷமாக 7.5 என்ற எண்ணே கிடையாது. மீட்டர் காட்டாமல் இல்லை, வாரம் இரண்டு தடவையாவது காட்டும். ஆனால் ஆறுச்சாமி அண்ணன் விடமாட்டார். "ஏழரையக் கொண்டாந்து எழுத்துல ஏத்தாதீங்க அம்மிணி. நாலோ ஆறோ போட்டு வுடுங்க." 7.4 அல்லது 7.6. எனக்கு முன்னால் இருந்த கெமிஸ்டும் அப்படியே எழுதியிருக்கிறார். நானும் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். படித்தவள் என்று பெயர்.

ஜனவரி 21, செவ்வாய்

மீட்டரின் கண்ணாடிக் குச்சி காய்ந்து கிடந்தது. யாரோ மூடியைப் போடாமல் போயிருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான். உப்புக் கரைசலில் ஊறப்போட்டேன். வரும்போது துவரம்பருப்பு வாங்க மறந்துவிட்டேன். இரவுக்குத் தக்காளி ரசம் மட்டும்.

ஜனவரி 22, புதன்

காலையிலேயே தலைவலி. சல்பர் கறுப்புச் சாயத் தண்ணீருக்கென்று தனித் தொட்டி உண்டு. அதன் மோட்டார் புகைந்துவிட்டது. மேனேஜர் தனபால் சார் வந்து, "ரெண்டு நாளைக்குக் கறுப்புத் தண்ணியையும் பெரிய தொட்டியிலயே வுட்றலாம் மேடம், அவசர லாட்டு, நிறுத்த முடியாது" என்றார். அது தனியாக இருக்க வேண்டிய தண்ணீர். சொன்னேன். "ரெண்டே நாள்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

ஆறுச்சாமி அண்ணன் இன்று லீவு. காவடிக்கு மயிலிறகு கட்டப் போயிருக்கிறார். கறுப்புத் தண்ணீர் விஷயத்தை அவரிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர்கள் வருகிறார்களாம். பதிவேட்டை முதலிலிருந்து ஒரு தடவை புரட்டிப் பார்த்தேன். நாத்தனார் போன். சனிக்கிழமை எள் விளக்குப் போடச் சொன்னாள். அதற்கு முந்தின நாள்தான் எனக்குக் கண்டமே என்று சொல்லிச் சிரித்தேன்.

ஜனவரி 23, வியாழன்

ஆறுச்சாமி அண்ணனைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மூச்சு இருக்கிறதாம்.

இந்தப் பக்கத்தில் போட்டிருப்பது: ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று. நடந்தது நாலு இருபதுக்கு.

ஜனவரி 24, வெள்ளி

ஆபீசர்கள் வந்தார்கள், வேறு காரியத்துக்கு. அவர்களோடு போலீசும். தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைத்துக்கொள்கிறேன். எல்லாரும் கேட்கிறார்கள், ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிவிடக் கூடாது.

நேற்று மதியம் தொட்டித் தண்ணீர் 11.2 இருந்தது. ஆசிட் விடப்பட்டது. நாலு மணிக்கு முதல் மாதிரி எடுக்கப்பட்டது. 7.6 காட்டியது. லேசாக அழுகின முட்டை வாடை இருந்தது. பின்னர் இன்னும் அரை கேன் ஆசிட் சேர்க்கப்பட்டது. வாடை நின்றுவிட்டது. இரண்டாவது மாதிரி எடுக்கக் குனிந்தபோது ஆறுச்சாமி அண்ணன் தொட்டி விளிம்பிலேயே சரிந்தார். பாய்லர் பார்க்கிற காளியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் வேட்டியைப் பிடித்து இழுத்தார். இழுத்திருக்காவிட்டால் உள்ளே போயிருப்பார்.

நான் பத்தடி தள்ளி லேப் ஜன்னலில் நின்றிருந்தேன்.

வேனில் ஏற்றிப் போன பிறகு, எல்லாரையும் தூரப் போகச் சொல்லிவிட்டு, தண்ணீரில் நிறம் மாறுகிற சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தேன். தாள் சிவந்தது. நாலு. மேனேஜர் பக்கத்தில்தான் இருந்தார். "மேடம், மொதல்ல இதைச் சரி பண்ணுங்க" என்றார். முகத்தில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று, குழாய் வழியாகச் சுண்ணாம்புப் பால் விட்டோம். அதுவும் சரிதான், காரம் ஏறினால்தான் முட்டை வாடை அடிக்கிற அந்த விஷக் காற்று மேலே வராமல் தண்ணீரிலேயே அடங்கும். பாதுகாப்புக்காகச் செய்தது. ஏழுக்கு வந்ததும் பதிவேட்டில் 7.2 என்று எழுதினேன்.

இன்று அவர்கள் தண்ணீர் எடுத்துப்போனார்கள். என்ன கிடைக்கும்? உப்பும் தண்ணீரும்.

ஜனவரி 25, சனி

கோயம்புத்தூர் போய் வந்தேன். உள்ளே விடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வாயில் குழாய் செருகி மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கழுத்து வெறுமையாக இருந்தது.

அவர் சம்சாரம் மயிலாத்தாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "நீங்க வந்தீங்களே அம்மிணி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே துளசி மாலை, நடுவில் கத்தரியால் வெட்டியிருந்தது.

"அவசரத்துல வெட்டிப்போட்டாங்க. இதுக்கு ஏதாச்சும் குத்தமுங்களா?"

எனக்குத் தெரியாது என்றேன். பஸ்ஸில் வரும்போது முழுவதும் அந்தக் கத்தரி வெட்டு கண்ணிலேயே நின்றது.

ஜனவரி 26, ஞாயிறு

கம்பெனியில் கொடியேற்றினார்கள். ஆளுக்கொரு லட்டு. வாங்கி மேஜை டிராயரில் வைத்துவிட்டேன், எறும்பு வரப்போகிறது.

மிட்டாய்த் தட்டோடு சுற்றி வந்த மேனேஜர் எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னார்: "மாஸ்க்கும் மாட்டலை, ஏத்திட்டும் வந்திருக்கான். அளவு தெரியாம ஊத்திப்போட்டான். யாரு என்ன பண்ண முடியும்?"

காளியப்பன் மட்டும், "மாலை போட்டவருங்க சார் அவரு" என்றார்.

"மாலை போட்டா வாய் சும்மா இருக்குமா? பழைய குடிகாரன் தானே?"

ஒருவர் இருவர் சிரித்தார்கள். நான் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 28, செவ்வாய்

தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசுக்கு வாக்குமூலம் எழுதிக் கொடுக்க வேண்டும். மேனேஜர் வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார்.

"நீங்க யாரு பக்கமும் பேச வேண்டாம் மேடம். நடுநிலையா எழுதுங்க, போதும்."

நடுநிலை. என் வேலையே அதுதானே!

குடித்திருந்தார் என்று நான் எழுதவில்லை. அது பாவம். ‘அவர் அன்று இருந்த நிலை குறித்து எனக்குத் தெரியாது’ என்று எழுதினேன். ஆசிட் பற்றி, ‘தேவையான அளவுக்கு மேல் சேர்க்கப்பட்டதாகத் தெரிகிறது’ என்று எழுதினேன். ஒவ்வொரு வரியையும் எடுத்துப் பார்த்தால் பொய் என்று யாராலும் சொல்ல முடியாது.

பிளஸ் டூவில் பிராக்டிகல் நோட்டு இப்படித்தான் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். ‘பத்து மில்லி அமிலம் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒரு துளி நிறங்காட்டி சேர்க்கப்பட்டது. நன்கு கலக்கப்பட்டது.’ யார் எடுத்தார், யார் கலக்கினார் என்று கேட்கவே கூடாது. எங்கள் டீச்சர் ‘நான்’ என்று எழுதினால் சிவப்பு மையால் அடிப்பார்.

கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 30, வியாழன்

மயிலாத்தாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். காப்பி கொடுத்தேன், ஆறிப்போகும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"பொழைச்சுக்குவாருன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க. எனக்கு அது போதுமுங்க. ஆனா ஊருக்குள்ள தலை காட்ட முடியல அம்மிணி. மாலையோட குடிச்சான், முருகன் அங்கயே அடிச்சுப்போட்டான்னு பேசறாங்க. எம்பொண்ணு கட்டிக் குடுத்த ஊட்டுல கூடக் கேட்டுப்போட்டாங்க."

"டாக்டர்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டனுங்க. அன்னிக்கு உசுரப் பாத்தமா, சாராயத்தப் பாத்தமாங்கறாரு."

பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னாள். பழனிக்கு நடக்கிற குழு பிப்ரவரி ஏழு, வெள்ளிக்கிழமை காலை மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படுகிறது. ஆறுச்சாமி அண்ணனுக்குப் பதிலாக அவர் பெரியப்பா மகன் காவடியை எடுத்துப் போவதாக ஏற்பாடு. குழுத்தலைவர் நாச்சிமுத்துக் கவுண்டர் முடியாது என்கிறாராம். விரதம் முறித்தவன் காவடியை மற்ற காவடிகளோடு சேர்க்கக் கூடாது, எல்லாருக்கும் தோஷம் என்கிறாராம்.

"இருவது வருசமா எடுத்த காவடிங்க. இதும் நின்னுபோச்சுன்னா அவரு எந்திரிச்சு வந்தும் என்னத்துக்குங்க? நீங்க படிச்சவங்க. அன்னைக்குப் பக்கத்துல இருந்தவங்க. அவரு குடிக்கலைன்னு ஒரு வார்த்தை வந்து சொன்னீங்கன்னா கவுண்டரு கேப்பாருங்க."

பார்க்கலாம் என்றேன்.

அந்த ஒரு வார்த்தையோடு நின்றுவிட்டால் நல்லது. ஆனால் கவுண்டர் அடுத்த கேள்வி கேட்பார். குடிக்கவில்லை என்றால் ஏன் அளவு மீறி ஊற்றினான் என்று கேட்பார்.

நாலு மணிக்கு எடுத்த மாதிரி 7.4 தானே காட்டியது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

பிப்ரவரி 1, சனி

மெஷினை எடுத்துவிட்டார்கள். கண் திறந்துவிட்டார். காளியப்பன் போன் பண்ணிச் சொன்னார். அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். வீட்டுக்காரர் பயந்துபோய், "நல்ல சேதிக்கு எதுக்கு அழுகற?" என்றார்.

எள் விளக்குப் போட்டேன். இதை நாத்தனாரிடம் சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

அவரைப் பார்த்தேன். வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். தலையணைக்குச் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். குரல் கரகரவென்று வந்தது. மயிலாத்தாள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

"அம்மிணி, வாங்க வாங்க. உங்களுக்கு வேற அலைச்சல்."

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இருக்கறனுங்க. அன்னிக்கு வெடியால டீ குடிச்சது வரைக்கும் ஞாபகம் இருக்குது. அப்பறம் என்ன நடந்துச்சுன்னே தெரியலீங்க. சுத்தமா அழிஞ்சுபோச்சு." கஞ்சியைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலை இறக்கிக் கேட்டார். "அம்மிணி, உள்ளதைச் சொல்லுங்க. நான் அன்னிக்குக் குடிச்சிருந்தனுங்களா?"

நான் அவர் போர்வையைச் சரிசெய்தேன்.

"எல்லாரும் சொல்றாங்களாமா. எனக்குத்தான் ஞாபகம் இல்லையே, இல்லைன்னு எப்படிங்க சொல்றது? புத்தி தடுமாறிப் போயிருப்பனோ என்னமோ. மாலையோட போயிருந்தன்னா நான் மனுசனே இல்லீங்க." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என்னால உங்க வேலைக்கும் கெட்ட பேரு. மன்னிச்சுப்போடுங்க."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "அதெல்லாம் எதுக்குண்ணா இப்ப, கஞ்சியக் குடிங்க."

பிப்ரவரி 4, செவ்வாய்

பாத்ரூம் கழுவினேன். ஆசிட் பாட்டிலை எடுக்கவில்லை. வெறும் தண்ணீரும் துடைப்பமும்தான்.

பிப்ரவரி 5, புதன்

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன்.

மாதிரி 7.6 காட்டியது என்று ஒரு நாள் எழுதியிருக்கிறேன். 7.4 என்று இன்னொரு நாள் எழுதியிருக்கிறேன். இரண்டும் என் கையெழுத்துதான், என் டைரிதான். வேறு யாரையும் ஏமாற்ற எழுதியதில்லை இது.

அன்று நடந்தது இது.

காலையில் ஆறுச்சாமி அண்ணன் வேலைக்கு வந்தபோது, கறுப்புத் தண்ணீர் பெரிய தொட்டியில் விழுகிறது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இந்த டைரியிலேயே எழுதியிருந்தேன். ஆபீசர்கள் வருகிற பரபரப்பில் மறந்துவிட்டேன். கறுப்புச் சாயத்தில் கந்தகம் இருக்கிறது. தண்ணீர் காரமாக இருக்கும்வரை அது வாயை மூடிக்கொண்டு கிடக்கும். ஆசிட் விட விட, அழுகின முட்டை வாடையோடு விஷக் காற்றாகக் கிளம்பும். இது பி.எஸ்ஸி. முதல் வருஷப் பாடம். தெரிந்திருந்தால் அவரே ஊற்றியிருக்க மாட்டார். பதினோரு வருஷம் தொட்டியைப் பார்த்தவர்.

நாலு மணிக்குத் தண்ணீர் மாதிரியைக் கிளாஸில் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். ஒரு கை தூரம். அவரிடமிருந்து விபூதி வாசமும் ஏலக்காய் வாசமும்தான் வந்தது. மீட்டரை வைத்தேன். ஓடி ஓடி ஓர் எண்ணில் வந்து நின்றது.

"எவ்வளவுங்க அம்மிணி?"

ஏழரை நாட்டுச் சனி, நாளைக்கு ஆபீசர், கும்ப ராசி, எள் விளக்கு, எல்லாம் சேர்ந்து அந்தச் சின்னத் திரையில் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

"ஏழரைங்கண்ணா" என்றேன்.

"அட முருகா" என்று சிரித்தார். "வுடுங்க. எப்பயும் போல ஏழு புள்ளி நாலுன்னு எழுதிப்போடலாம். தண்ணி நல்லாத்தான் இருக்குது."

ஏழரைக்குப் பயந்தவர் என்று நான் வருஷக்கணக்காகக் கேலி செய்த மனுஷன், விடுங்க என்றார். நான்தான் விடவில்லை.

"இல்லைங்கண்ணா, நாளைக்கு ஆபீசர் வர்றாங்க. எனக்கு ஏழரையே வேண்டாம். இன்னொரு அரை கேன் வுட்டு ஏழுக்குக் கொண்டு வந்துருங்க."

எட்டரை வரை சட்டம் ஒப்புக்கொள்ளும். ஒரு சொட்டும் தேவையில்லை. ஏழரைக்கும் ஏழுக்கும் நடுவே அரைதானே என்று தோன்றும். அந்தக் கணக்கில் ஒரு எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு, அரை இறங்கினால் மூன்று மடங்கு. அதுவும் நடுவே வந்துவிட்ட தண்ணீர் பிடிமானம் இல்லாமல் நிற்கும். கொஞ்சம் கூட விட்டால் தடாலென்று விழும். பியூரெட்டைத் திருகிப் பழகிய எந்தப் பிள்ளைக்கும் தெரியும், கடைசியில் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும் என்று. நான் அரை கேன் என்றேன்.

அவர் போய் ஊற்றினார். ஜன்னலுக்கு நேராகத் திரும்பி, "வாடை அடிக்குதுங்க அம்மிணி" என்றார். சற்றுக் கழித்து, "இப்ப வாடை போயிருச்சுங்க" என்றார். அந்தக் காற்று அதிகமானால் முதலில் மூக்குதான் மரத்துப்போகும். வாடை போகவில்லை, அவருடைய மூக்கு போயிருந்தது. அதுவும் நான் படித்ததுதான்.

"நல்லதாப் போச்சு, ஒரு கிளாஸ் எடுத்துட்டு வாங்க" என்றேன்.

குனிந்தார்.

வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டினேன். பஸ் கண்டக்டர் அவர். டைரியை வாங்கி இன்னொரு தடவை தானே படித்தார்.

"சொன்னா வேலை போயிரும். கேஸும் வரும்" என்றார்.

"ம்."

"சொல்லாட்டி?"

"அவரு சாகறவரைக்கும் தான் குடிச்சிருந்தோமான்னு யோசிச்சுட்டே இருப்பாருங்க."

எழுந்து போய்ச் சட்டையை மாட்டினார். "வெள்ளிக்கிழமை நான் டூட்டி மாத்திக்கறேன். கூட வர்றேன்" என்றார்.

நடுநிலை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் குற்றத்தில் எனக்கு நடுவே ஒரு இடம் ஏது?

பிப்ரவரி 7, வெள்ளி

காலை ஆறரைக்கு மாரியம்மன் கோயில் வாசலுக்குப் போனோம். நாற்பது ஐம்பது பேர், எல்லாம் பச்சை வேட்டி. காவடிகளைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்திருந்தார்கள். ஆறுச்சாமி அண்ணன் காவடி தனியாக, வேப்பமரத்தடியில் இருந்தது. மயிலாத்தாள் அதன் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் வந்த வழியே திரும்பிவிடுவேன் என்று நேராகக் கவுண்டரிடம் போனேன்.

"ஆறுச்சாமி அண்ணன் குடிக்கலீங்க" என்றேன்.

கவுண்டர் என் பக்கம் திரும்பினார்.

"அது உங்களுக்கு எப்படியம்மா தெரியும்?"

"எம்முன்னாடி ஒரு கை தூரத்துல நின்னு பேசுனாருங்க. விபூதி வாசந்தான் வந்துச்சு."

"அப்பறம் எதுக்கு அத்தனை ஆசிட்டை ஊத்துனான்?"

வரும் என்று தெரிந்த கேள்விதான். வீட்டுக்காரர் பின்னால் நின்று செருமினார்.

"அவரா ஊத்தலீங்க. நான் ஊத்தச் சொன்னேன். தண்ணி சரியா இருந்துச்சு, போதும்னு அவரு சொன்னாரு. நான்தான் கேக்கல. அதுல கறுப்புத் தண்ணி கலந்திருக்குதுன்னு எனக்குத் தெரியும். அவருகிட்ட சொல்லல."

"தண்ணி சரியா இருந்தா எதுக்கு ஊத்தச் சொன்னீங்க?"

"மீட்டர் ஏழரை காட்டுச்சுங்க. அதைப் பாத்துப் பயந்துட்டேன்."

யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கவுண்டர் வேப்பமரத்தடிக்கு நடந்து போய், அவரே குனிந்து அந்தக் காவடியை எடுத்தார். விபூதி பூசினார். வரிசையில் முதலாவதாகக் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணனின் பெரியப்பா மகன் ஓடிவந்து தோள் கொடுத்தார். வேல் வேல் என்று சத்தம் எழும்பியது.

மயிலாத்தாள் என் அருகே வந்தாள். காலில் விழுந்துவிடலாம் என்று இருந்தது எனக்கு.

"அன்னிக்கு உங்க ஊட்டுக்கு வந்தனே அம்மிணி. காப்பி குடுத்தீங்களே" என்றாள். "எனக்கு அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, வெட்டுப்பட்ட மாலையை எடுத்துக் காவடியின் கொம்பில் கட்டிவிட்டு, குழுவோடு பைபாஸ் வரை நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் ஏது?

அங்கிருந்து ஆய்வாளர் ஆபீசுக்குப் போனோம். பழைய வாக்குமூலத்தைத் திரும்பக் கேட்டேன். தர மாட்டார்களாம், புதிதாக ஒன்று சேர்த்து எழுதலாம் என்றார் கிளார்க். எழுதினேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘நான்’ என்று ஆரம்பித்தேன். முதல் இரண்டு வரிக்குக் கை வரவே இல்லை, பிறகு வந்தது.

மதியம் கோயம்புத்தூர். ஆறுச்சாமி அண்ணனிடம் முழுவதையும் சொன்னேன். குடிக்கலை என்ற இடத்திலேயே அவர் கண்ணை மூடிக்கொண்டார். மற்றது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. முடித்ததும் இன்னொரு தடவை கேட்டார்.

"நெசமா குடிக்கலீங்களா?"

"இல்லைங்கண்ணா."

"காவடி போயிருச்சுங்களா?"

"மொதல் காவடியாப் போயிருக்குது."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மாலை கம்பெனிக்குப் போனேன். மேனேஜருக்கு விஷயம் எட்டியிருந்தது. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார். டிராயரைக் காலி செய்தேன். குடியரசு தின லட்டு எறும்பு அரித்துப் பொடியாகக் கிடந்தது. போலீஸ் நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்த பதிவேடு மேஜை மேலேயே இருந்தது. ஜனவரி இருபத்து மூன்றாம் தேதிப் பக்கத்தைப் பிரித்தேன். 7.2 என்ற என் எழுத்தை அடிக்கவில்லை. அதற்குக் கீழே இருந்த காலிக் கோட்டில் இன்றைய தேதியையும் நேரத்தையும் போட்டு இப்படி எழுதிக் கையெழுத்திட்டேன்:

அன்று மாலை நான்கு மணிக்கு நான் பார்த்த அளவு 7.5. போதும் என்று ஆறுச்சாமி சொன்னார். இன்னும் ஊற்றச் சொன்னது நான்.